காரச் சுவை கிராக்கரை முறையாகச் சுவைத்துப் பார்ப்பது எப்படி

பாக்கெட்டில் வரும் கார கிராக்கரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே தீர்ப்புகள்தான் வரும்: “நல்லா இருக்கு” அல்லது “ரொம்பக் காரம்”. அதற்கு மேல் சொல்ல முடியாமல் போவது பெரும்பாலும் தின்னும் வேகத்தால். உப்பும் புளிப்பும் நாக்கில் பட்ட உடனே தெரிந்துவிடும். மிளகாயின் உறைப்பு அப்படி வராது. தாமதமாகத் தொடங்கி, மெல்ல ஏறி, ஏறிய பிறகு மற்ற சுவைகளை மூடிவிடும். முதல் துண்டின் காரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது துண்டு வாய்க்குள் போய்விட்டால் எது எதனுடைய சுவை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே கீழே வரும் முறை முழுவதும் இரண்டு விஷயங்களைச் சுற்றியே இருக்கும்: காரம் வருவதற்கு முன்னால் மற்றவற்றைப் பார்த்துவிடுவது, வந்த பிறகு அதற்கு நேரம் கொடுப்பது.

எடுத்து வைக்க வேண்டியவை

சுவைக்க வேண்டிய கார வகை ஒரு பாக்கெட். முடிந்தால் அதே நிறுவனத்தின் சாதா உப்பு வகை ஒன்று. இந்த இரண்டாவது பாக்கெட்டைப் பலர் வீண்செலவு என்று நினைப்பார்கள். உண்மையில் இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. மாவு எப்படி, எண்ணெய் எப்படி, சுட்ட பதம் எப்படி என்பதெல்லாம் மசாலா மறைக்காமல் அதில்தான் தெரியும். (சில நிறுவனங்கள் கார வகைக்கு வேறு மாவுக் கலவை வைத்திருக்கும், இரண்டு பாக்கெட்டிலும் மாவு, எண்ணெய், புளிக்கவைக்கும் பொருள்கள் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இவற்றோடு அறை வெப்பநிலையில் உள்ள குடிநீர், குளிர்ந்த பால் அரை டம்ளர், உப்போ மசாலாவோ இல்லாத வெள்ளை ரொட்டித் துண்டு, வெள்ளைத் தட்டு, மூடியுள்ள கிண்ணம், விநாடி காட்டும் கடிகாரம், தாள், பேனா. கைபேசியிலேயே கடிகாரமும் குறிப்பும் வைத்துக்கொள்வோம் என்றால் மசாலாக் கையோடு திரையைத் தொட வேண்டியிருக்கும். தாளே வசதி.

பல் துலக்கியோ, காபி குடித்தோ, புகை பிடித்தோ ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பற்பசையில் உள்ள நுரைக்கும் பொருள் இனிப்பை மங்கச் செய்து புளிப்பைக் கசப்பாக்கிவிடும். மிகுந்த பசியோடும், வயிறு நிறைந்த நிலையிலும் உட்கார வேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வாசனை தெரியாமல் மதிப்பிட்டுப் பயனில்லை.

ஒரே அமர்வில் மூன்று, மிஞ்சினால் நான்கு வகைகள். குறைந்த காரத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக வைத்தால் கடைசியாக வரும் மென்மையான வகைக்கு வாய்ப்பே இல்லை.

பாக்கெட்டைப் பிரிக்கும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள்

சேர்மானப் பட்டியலில் எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் இருக்கும். மிளகாய்த்தூள் எங்கே வருகிறது, அதற்கு முன் சர்க்கரையும் உப்பும் வருகின்றனவா என்று பாருங்கள். சர்க்கரை முந்தி நின்றால் முதலில் இனிப்பு தெரிந்து காரம் பின்னால் வரும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். “மிளகாய்ச் சாறு” என்று இருந்தால் பட்டியலின் அடியில் இருப்பதை வைத்து ஏமாறக் கூடாது: அது செறிவூட்டப்பட்டது, மிகக் கொஞ்சமே போதும்.

சேர்க்கைப் பொருள்களுக்குப் பெயருக்குப் பதிலாகப் போடும் குறியீட்டு எண்களையும் கவனியுங்கள். 621 என்பது மோனோசோடியம் குளூட்டமேட். 627, 631, அல்லது இரண்டும் சேர்ந்த 635 அதோடு வந்தால் குழம்புச் சாறு போன்ற அந்த நிறைவான சுவை பல மடங்கு தூக்கலாகத் தெரியும். இவை ஒன்றையொன்று வலுப்படுத்துபவை. ஈஸ்ட் சாறு என்று எழுதியிருந்தாலும் வேலை ஏறத்தாழ அதேதான். 330 சிட்ரிக் அமிலம், சட்டென்று வந்து போகும் புளிப்பு. 296 மாலிக் அமிலம், கொஞ்சம் நீண்டு நிற்கும் புளிப்பு. 551 தூள் கட்டிபடாமல் இருக்கச் சேர்ப்பது, சுவை எதுவும் இல்லை. 160சி என்பது குடைமிளகாய் வகையிலிருந்து எடுத்த சிவப்பு நிறம். இது இருந்தால் சிவப்பைப் பார்த்துக் காரத்தைக் கணிக்கவே முடியாது. நிறம் ஒரு பொருளிலிருந்து, காரம் வேறொரு பொருளிலிருந்து வருகிறது.

சோடியம் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோதுமை, பால்பொடி, சோயா ஒவ்வாமை உள்ளவர்களும் இங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். சீஸ் சுவை இல்லாத கார வகையிலும் மசாலாத் தூளைச் சுமக்க பால்பொடி சேர்ப்பதுண்டு.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் ஏதாவது ஒரு மிளகாயின் பெயரும் லட்சக்கணக்கான ஸ்கோவில் அளவும் (காரத்தைக் குறிக்கும் எண்) போட்டிருந்தால் அது அந்த மிளகாயின் அளவு, உள்ளே இருக்கும் கிராக்கரின் அளவு அல்ல. 1912-ல் வில்பர் ஸ்கோவில் கொண்டுவந்த முறை அது. மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் காரம் தெரியாமல் போகும் வரை கலந்துகொண்டே போய் எத்தனை மடங்கு கலந்தோம் என்று கணக்கிடுவார்கள். இப்போது கருவி வைத்தே அளக்கிறார்கள். எவ்வளவு கடுமையான மிளகாயாக இருந்தாலும் மாவோடு ஒப்பிட்டால் துளியளவுதான் சேர்கிறது. விளம்பரத்துக்குப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

பிரித்ததும்

கிராக்கர் சுட்டு வந்த சூட்டில் எண்ணெய் தெளித்து, சுழலும் உருளைக்குள் மசாலாத் தூளோடு புரட்டி எடுப்பதே வழக்கமான முறை. ஒட்டாத தூள் பயணத்தில் உதிர்ந்து பாக்கெட்டின் அடிக்குப் போய்விடும். ஆகவே மேலே இருக்கும் துண்டும் அடியில் இருக்கும் துண்டும் ஒரே காரம் கொண்டவை அல்ல. மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து தலா இரண்டு எடுத்துத் தட்டில் தனித்தனியாக வையுங்கள். இதைச் செய்யாமல் “இந்தத் தடவை காரம் குறைச்சுட்டாங்க” என்று முடிவுகட்டுவது சரியில்லை.

வாசனை பார்ப்பதற்குப் பாக்கெட்டுக்குள் மூக்கை நுழைத்து இழுக்க வேண்டாம். நுண்ணிய மிளகாய்த்தூள் நேராக மூச்சுக்குழலுக்குப் போய் இருமலும் தும்மலும் வந்தால் அடுத்த கால் மணி நேரம் வீண். நான்கைந்து துண்டுகளைக் கிண்ணத்தில் போட்டு ஒரு நிமிடம் மூடிவைத்து, மூடியைத் திறந்த உடனே குட்டையாக இரண்டு மூன்று தடவை முகர்ந்து பாருங்கள். சுட்ட மாவு, பூண்டு, வெங்காயம், புகை, தக்காளி, புளித்த பால் என்று எது முதலில் வருகிறதோ அதை எழுதுங்கள். நெடி மூக்கில் குத்துகிறதா, தொண்டை கமறுகிறதா என்பதும் குறிப்பில் இருக்கட்டும். பழைய அட்டைப்பெட்டி வாசனையோ, பெயின்ட் போன்ற வாடையோ, காறலோ வந்தால் எண்ணெய் கெட்டுப்போனது. தேதி முடியாவிட்டாலும் வெயிலிலோ சூடான இடத்திலோ கிடந்த பாக்கெட்டில் இது நடக்கும். காரம் இதை நாக்கில் மறைத்துவிடும், மூக்கில் மறைக்காது. வாடை வந்த பாக்கெட்டைச் சுவைக்கவே வேண்டாம்.

பார்வைக்கு அதிக நேரம் வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பல வகைகளில் ஒரு பக்கம்தான் மசாலா அடர்த்தியாக இருக்கும். எந்தப் பக்கம் என்பது பிறகு தேவைப்படும். துளைகள் ஆவி வெளியேறுவதற்காகப் போட்டவை. அவற்றைச் சுற்றிக் கொப்புளங்கள் ஓரளவு சீராக இருந்தால் சரியாகச் சுட்டிருக்கிறார்கள். ஓரம் நொறுங்கித் தூளாகியிருந்தால் அது வண்டியில் அடிபட்டது. நடுவில் நூல் போன்ற விரிசல் ஓடியிருந்தால் தொழிற்சாலையிலேயே தொடங்கிய குறை: சுட்டதும் ஓரத்திலும் நடுவிலும் ஈரம் வேறுவேறாக இருந்து, ஆறும்போது ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்ததால் வருவது.

உடைத்துக் கேளுங்கள்

காதருகே வைத்து நடுவில் உடையுங்கள். சத்தம் குறுகலாக, கூர்மையாக வர வேண்டும். “டொப்” என்று மந்தமாக வந்தாலோ, உடையும் முன் லேசாக வளைந்தாலோ நமத்துவிட்டது. நல்ல கிராக்கரில் ஈரம் 2 முதல் 4 சதவீதம்தான். காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் ஈரம் ஏறினாலே கண்ணாடி போல இறுகியிருந்த மாவுச்சத்து இளகி, உடைய வேண்டியது வளையத் தொடங்கும். மசாலாவில் உள்ள உப்பும் சர்க்கரையும் ஈரத்தை இழுப்பவை என்பதால் கார வகை சாதா வகையைவிடச் சீக்கிரம் நமக்கும்.

சத்தத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்றால், மொறுமொறுப்பில் பாதி காதில்தான் இருக்கிறது. 2004-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருளைக்கிழங்குச் சீவல் தின்பவர்களின் ஹெட்ஃபோனில் கடிக்கும் சத்தத்தைக் கூட்டிக் கேட்கவைத்தபோது, அதே சீவல் அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

நமத்த பாக்கெட்டாகத் தெரிந்தால் நான்கு துண்டுகளை 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் 4–5 நிமிடம் ஓவனில் வைத்து, 10 நிமிடம் ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது உடைத்தால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். மொறுமொறுப்பு திரும்பிவிட்டால் குறை பாக்கெட்டை வைத்திருந்த விதத்தில். ஆனால் இப்படிச் சூடாக்கிய துண்டில் சுவையை மதிப்பிடாதீர்கள். வாசனை எண்ணெய்கள் பறந்திருக்கும், பால்பொடி இருந்தால் லேசாகத் தீய்ந்திருக்கும்.

இனி வாய்க்குள்

முதலில் சாதா வகையில் ஒரு துண்டு. மெல்ல மென்று மாவின் சுவை, எண்ணெயின் சுவை, உப்பு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவைப் புளிக்கவைத்துச் செய்ததில் மெல்லிய புளிப்பு இருக்கும். சாதா வகை கிடைக்கவில்லை என்றால் கார வகையில் ஒரு துண்டின் மசாலாவை உலர்ந்த தூரிகையாலோ கத்தி முனையாலோ சுரண்டிவிட்டு நடுப்பகுதியைத் தின்னுங்கள். முழுக்கப் போகாது, ஆனாலும் உதவும். சுரண்டிய பிறகும் நல்ல காரம் இருந்தால் மிளகாய் மாவிலேயே கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர் குடித்து ஒரு நிமிடம் கழித்துக் கார வகையில் பாதித் துண்டு எடுங்கள். இனி வரும் அரை நிமிடம்தான் முழு வேலையின் மையம்.

மூக்கை விரலால் மூடிக்கொண்டு மசாலாப் பக்கம் நாக்கில் படும்படி வையுங்கள். மெல்லாமல் மூன்று நான்கு விநாடி. இப்போது தெரிவது உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு, அந்த நிறைவுச் சுவை, இவை மட்டுமே. மூக்கை மூடிக்கொண்டே நான்கு தடவை மெல்லுங்கள். பிறகு மூக்கை விட்டு வாயை மூடியபடி மூச்சை வெளியே விடுங்கள். பூண்டும் புகையும் தக்காளியும் ஒரேயடியாக வந்து இறங்கும். வாய்க்குள்ளிருந்து தொண்டை வழியாக மூக்குக்குப் போகும் வாசனையைத்தான் நாம் வழக்கமாகச் சுவை என்கிறோம். மூக்கைத் திறந்த பிறகும் பெரிதாக எதுவும் சேரவில்லை என்றால் அந்த மசாலா உப்பையும் சர்க்கரையையும் 621-ஐயும் நம்பியே ஓடுகிறது. எத்தனையோ விலை உயர்ந்த பாக்கெட்டுகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

இன்னும் ஐந்தாறு தடவை மென்று, எப்படி உடைகிறது, பல்லில் ஒட்டுகிறதா, மணல்போல் நெருடுகிறதா, உமிழ்நீரோடு கூழாகிறதா என்று பாருங்கள். விழுங்குங்கள். விழுங்கிய கணம் கடிகாரத்தை ஓடவிடுங்கள்.

0, 15, 30, 60, 120 விநாடிகளில் காரத்துக்கு 0 முதல் 10 வரை எண் கொடுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை, 5 என்றால் கவனத்தை இழுக்கிறது ஆனால் தொந்தரவில்லை, 10 என்றால் உடனே பாலைத் தேடவேண்டிய நிலை. எண்ணோடு இடத்தையும் எழுதுங்கள்: நாக்கு நுனி, நாக்கின் பக்கங்கள், அண்ணம், தொண்டை, உதடு. பேச வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அடுத்த துண்டு கண்டிப்பாக வேண்டாம். பக்கத்தில் இன்னொருவரும் சுவைத்துக்கொண்டிருந்தால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். அவர் கண்ணில் நீர் வருவதைப் பார்த்தாலே உங்கள் எண் ஒன்று கூடிவிடும்.

எந்தக் காரம் என்று அடையாளம் காண

இந்த ஐந்து எண்கள் ஒரு படத்தைத் தரும். 15-ல் லேசாகத் தொடங்கி 30–60-ல் உச்சத்துக்குப் போய் 120-லும் நிற்கிறது என்றால் மிளகாய். அதிலுள்ள காப்சைசின், 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்காக நரம்பு முனையில் உள்ள ஏற்பியைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சல், சூடு, வியர்வை. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு இந்த ஏற்பியைக் கண்டறிந்தது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகின் காரம் இன்னும் விரைவில் வந்து, நாக்கைச் சுருக்கென்று கடித்து, மரவாசனையோடு சீக்கிரம் இறங்கும். கடுகும் வசாபியும் நாக்கைவிட மூக்கில்தான் ஏறும், சில விநாடியில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். சிச்சுவான் மிளகில் எரிச்சலைவிட உதடு நமநமவென்று அதிர்ந்து மரத்துப்போவது முக்கியம். இஞ்சி தொண்டையில் இதமான சூடாக நிற்கும்.

பல பாக்கெட்டுகளில் இரண்டு மூன்று காரங்களைக் கலப்பார்கள். அதில் தவறில்லை, நல்ல கலவையில் மிளகு முன்னால் வந்து வழிவிட்டு மிளகாய் பின்னால் தொடரும். 0-வில் ஒன்றுமில்லாமல் 60-ல் தொண்டையில் மட்டும் திடீரென்று 8 என்றால் தூள் மிளகாய் குறைவு, மிளகாய்ச் சாறு அதிகம். மிளகாயின் பழவாசனை எதுவும் இல்லாமல் வெறும் எரிச்சலாக வருவது இந்த வகைதான். புளிப்பு காரம் தெரியும் விதத்தை மாற்றும், இனிப்பு அமுக்கும் என்பதால் எண்ணைப் போடும்போது அவற்றின் அளவையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இடைவெளி, வாய் கழுவுதல்

அடுத்த வகைக்குப் போகும் முன் குறைந்தது 5 நிமிடம், கடுங்காரம் என்றால் 10. காப்சைசின் தண்ணீரில் கரையாது. தண்ணீர் குடிக்கும் கணத்தில் குளிர்ச்சி தரும், விழுங்கியதும் எரிச்சல் திரும்பிவிடும். பாலில் உள்ள கேசின் புரதம் காப்சைசினைப் பிடித்துக்கொண்டு போகும். கொழுப்பு நீக்கிய பாலும் ஏறத்தாழ அதே அளவு உதவும். பாலை 10 விநாடி வாயில் வைத்திருந்து விழுங்கி, ரொட்டித் துண்டை மென்று, அறை வெப்பநிலைத் தண்ணீரில் கொப்பளித்து, காத்திருங்கள். சோடா வகைகள் எரிச்சலைக் கூட்டும், சூடான டீயும் அப்படியே.

இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்று தின்றுகொண்டே போனால் காரம் துண்டுக்குத் துண்டு ஏறும். அப்படிப் பல துண்டுகள் தின்று நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து அதே துண்டைத் தின்றால் முன்பைவிடச் சப்பென்று இருக்கும், நரம்பு மரத்திருக்கும். அதனால் இரண்டு வகைகளில் எது காரம் அதிகம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு நாள் வரிசையை மாற்றிச் சுவைப்பதைத் தவிர வழியில்லை. அளவில் மிக நெருங்கிய வகைகளுக்குத்தான் இந்தச் சிரமம் தேவை.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, வழக்கமாகத் தின்பது போல ஆறு துண்டுகளைத் தொடர்ந்து தின்று பாருங்கள். ஒரு துண்டில் அசத்துகிற மசாலா ஆறாவதில் உப்பால் அலுப்புத் தட்டலாம். ஒரு துண்டில் மென்மையாகத் தெரிந்தது ஆறில் சரியான இடத்துக்கு ஏறி நிற்கலாம். இதை முதலில் செய்தால் மற்ற எல்லாம் கெட்டுவிடும்.

செய்முறையை மாற்றிவிட்டார்களா?

புதிய பாக்கெட் பழையதிலிருந்து வேறு என்று சந்தேகம் வந்தால் மூன்று துண்டு முறை இருக்கிறது. ஒருவர் மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரு வகையும் ஒன்றில் மற்றதும் வைத்து, சம்பந்தமில்லாத மூன்றிலக்க எண்கள் எழுதித் தர வேண்டும். எது தனி என்று நீங்கள் சொல்ல வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகும் என்பதால் ஒரு தடவை போதாது. ஆறு தடவையில் நான்கு சரி என்பது வெறும் குருட்டு யோகத்திலும் பத்துக்கு ஒன்று என்ற அளவில் வரும். ஐந்து சரி வருவதற்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான வாய்ப்புதான்; அதன் பிறகு மாறிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். நிறம் வேறாக இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்தோ கண்ணைக் கட்டியோ செய்யுங்கள். கார வகையில் ஆறையும் ஒரே நாளில் முடிக்க முடியாது, நாளுக்கு இரண்டு போதும்.

கவனமாக இருக்க வேண்டியவை

விரலில் ஒட்டிய மசாலாவோடு கண்ணைத் தொட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. வெறும் தண்ணீரில் போகாது, சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கழற்றும்போது கூடுதலாக எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் கடுங்கார வகைகளைத் தவிர்ப்பது நல்லது. சிறு குழந்தைகளைச் சுவைப்பவர்களாகச் சேர்க்கக் கூடாது. யார் அதிகம் தாங்குகிறார் என்ற போட்டியும் இதில் சேராது. 10 என்று எழுதவேண்டிய நிலை வந்துவிட்டால் மீதி விநாடிகளை விட்டுவிட்டுப் பாலைக் குடியுங்கள்.

மிச்சமிருப்பதைப் பாக்கெட்டோடு மடக்கிக் கிளிப் போட்டு வைத்தால் மறுநாளே நமக்கத் தொடங்கும். காற்றுப்புகாத டப்பாவில், அடியில் தங்கிய மசாலாத் தூளை மட்டும் தனியாக எடுத்துவிட்டு, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். மறுநாள் இன்னொரு சுற்று சுவைப்பதாக இருந்தால் உடைத்துக் கேட்கும் சோதனையைத் திரும்பச் செய்த பிறகே தொடங்குங்கள்.